நூற்று அறுபத்தெட்டு

பிப்ரவரி 11 — குளியலறைக் கைப்பிடி இரண்டு, பொருத்துகூலி உட்பட: 640
பிப்ரவரி 19 — வழுக்காத ரப்பர் விரிப்பு மூன்று: 285
மார்ச் 2 — நடைவழிக்கு இரவு விளக்கு நான்கு: 180
மார்ச் 2 — மேசை முனைகளுக்கு நுரை உறை: 95
ஏப்ரல் 7 — ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி: 1,950

அவர் எழுதிவைத்த இந்தக் கணக்கில் கடைசி வரியைத் தவிர மற்ற செலவெல்லாம் வீட்டில் யாரும் வழுக்கி விழுந்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த ஜனவரியில்தான் அவருடைய அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, மூன்று வாரம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்து வீடு திரும்பிய மறுநாளே அவர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக் குளியலறைக்குள் போனார்.

துறைமுகச் சாலையில் எடைமேடை பார்த்தவர் அவர். லாரி வந்து மேடையில் நிற்கும். கண்ணாடி அறைக்குள் எண் ஓடி ஓரிடத்தில் நிற்கும். வரம்புக்குக் கீழே இருந்தால் சீட்டு, போகலாம். மேலே இருந்தால் ஓரங்கட்டு. ஓட்டுநர்கள் கெஞ்சுவார்கள், சண்டைக்கு வருவார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்பார்கள். அவர் நிமிர்ந்தே பார்க்க மாட்டார். முகத்தைப் பார்த்தால் மனசு இளகிவிடும், எண் இளகாது என்பது அவர் கட்சி. சந்தேகமாக இருந்தால் வண்டியை இறக்கி ஏற்றி மூன்று தடவை நிறுப்பார். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆன பிறகும் அந்தக் குடியிருப்பில் அவருக்கு ‘எடைமேடை’ என்றுதான் பெயர்.

மனைவி அதற்கு நேர் எதிர். துணிக்கடையில் விற்பனைக்கு நின்றவள். வழி கேட்டு உள்ளே வந்த ஆளையும் இரண்டு திரைச்சீலை வாங்க வைத்து அனுப்புகிற வாய். வேலையை விட்ட பிறகு அந்த வாய்க்குக் கிடைத்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான்.

கைப்பிடி பொருத்த மாடி வீட்டுத் தச்சர் வந்தார். திருகாணியை முடுக்கிக்கொண்டே, “ஐயா, இது உங்களைத் தாங்கணுமா, இல்ல நீங்க ஓரங்கட்டின லாரியைத் தாங்கணுமா?” என்று கேட்டார்.

“இன்னும் ரெண்டு ஆணி போடுங்க.”

“தச்சரே, அப்படியே என் வாய்க்கும் ஒரு கைப்பிடி போட்டுடுங்க” என்றாள் மனைவி, கதவோரம் நின்று. “வேணுங்கறப்ப இவர் பிடிச்சு நிறுத்திக்கட்டும்.”

“அம்மா, அந்த வேகத்துக்கு என்கிட்ட ஆணி இல்ல.”

அவருக்கும் சிரிப்பு வந்தது. திரும்பிக்கொண்டார்.

ஏப்ரலில் அவளுக்கு அழுத்தம் கூடுதலாக இருக்கிறது என்று சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தார்கள். வீட்டிலும் பார்க்கச் சொன்னார்கள். செவிலி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். பட்டை கட்டியிருக்கும்போது பேசக் கூடாது. இடைவெளி விட்டு மூன்று தடவை எடுத்துச் சராசரி போட வேண்டும். மேல் எண் நூற்றெண்பதைத் தாண்டினால் போன் செய்ய வேண்டும். அவர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். கிளம்பும்போது செவிலி இன்னொன்றும் சொன்னாள்: “திடீர்னு வாய் ஒரு பக்கம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ மெஷினைத் தொடவே தொடாதீங்க. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க.” அவர் தலையாட்டினார். அதில் எண் எதுவும் இல்லாததால் எழுதிக்கொள்ளவில்லை.

ஜூன் 9, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு இருபது. அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மனைவி எதிரே தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்து, மகள் வீட்டுக்கு எப்போது போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தாள். கோப்பை சாய்ந்தது. தேநீர் மடியில் கொட்டியும் அவள் கையை எடுக்கவில்லை.

“என்ன பண்றே? சுடலையா?”

“இந்த ஜன்னல்… இந்த ஜன்னல் கனமா இருக்குங்க” என்றாள். கோப்பையைத்தான் சொல்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. வார்த்தை மாறிப்போனதற்கு அவளே சிரித்தாள். சிரிப்பு இடது பக்கத்தில் மட்டும் வந்தது.

அதை அவர் பார்த்தார். பார்க்கவில்லை என்று பின்னாளில் ஒருபோதும் சொன்னதில்லை.

அவளைச் சாய்வு நாற்காலிக்கு நகர்த்தி, கருவியை எடுத்துவந்து இடது கையில் பட்டையைக் கட்டினார். அவள் என்னவோ சொல்ல ஆரம்பித்தாள். வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. பட்டை கட்டிய கையைத் தூக்கி மேசை மேலிருந்த போனைக் காட்டினாள்.

“கையை ஆட்டாதே. அப்புறமா பொண்ணுகிட்ட பேசலாம்.”

அவள் மறுபடியும் வாயைத் திறந்தாள்.

“பேசாதே. பேசினா அளவு தப்பா வரும்.”

அவள் பேச்சை நிறுத்தினாள். கல்யாணமாகி நாற்பத்தொரு வருடத்தில் அவர் சொன்னதும் அவள் வாயை மூடியது அதுதான் முதல் தடவை. அதுவே அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதல் அளவு 171. இடைவெளி விட்டார். 166. மறுபடி விட்டார். 167. சராசரி நூற்று அறுபத்தெட்டு. நூற்றெண்பதுக்கு நன்றாகக் கீழே. அவருக்கு மூச்சு வந்தது. தண்ணீர் கொடுத்தார். பாதி கடைவாய் வழியாக வழிந்தது. துடைத்துவிட்டு, தாங்கலாக அழைத்துப்போய்ப் படுக்க வைத்தார். “ராத்திரி தூக்கம் சரியில்ல உனக்கு. கொஞ்சம் தூங்கு, எல்லாம் சரியாயிடும்.” அடுத்த அளவு வழக்கம்போல் பன்னிரண்டு மணிக்கு என்று வைத்துக்கொண்டார். இடையில் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். கண் மூடியிருந்தது. எழுப்ப மனமில்லை.

பன்னிரண்டு மணிக்கு அவள் விழித்துத்தான் இருந்தாள். வலது கையும் காலும் அசையவில்லை. கூப்பிட்டதற்குத் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்தது. அவர் மாடிப்படியின் கீழே நின்று தச்சரைக் கூப்பிட்ட குரலை அந்தக் கட்டடத்தில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. தச்சர்தான் ஆம்புலன்ஸை அழைத்தார்.

அவசரப் பிரிவில் சின்ன வயது டாக்டர் ஒருத்தி கேட்டாள்: “எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரியுமா?”

“ஏழு இருபது.”

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. “அடைப்பைக் கரைக்க ஒரு ஊசி இருக்கு. நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அது தாண்டிப்போச்சு.” பிறகு, குரலைத் தணித்துக் கேட்டாள்: “இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?”

“அளந்தேன்” என்றார்.

மகள் வேறு ஊரில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். சாயங்காலம் வந்து சேர்ந்தாள். அம்மாவின் தலைமாட்டில் வெகுநேரம் நின்றுவிட்டு வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“வாய் கோணினது தெரிஞ்சுதாப்பா?”

“தெரிஞ்சுது.”

“அப்புறமும்?”

“நூத்தி அறுபத்தெட்டுதான்மா இருந்தது.”

அவள் கைப்பையைத் திறந்தாள், ஒன்றையும் எடுக்காமல் மூடினாள். “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மனைவி பிழைத்துக்கொண்டாள். ஆறு வாரத்தில் வீட்டுக்கு வந்தாள். கால் ஓரளவு தேறியது. குளியலறைக் கைப்பிடியை இடது கையால் பற்றிக்கொண்டு நிற்க முடிந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. அடுத்தவர் சொல்வது அனேகமாகப் புரிந்தது. சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் மருத்துவமனைக்குப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப்போனார். பயிற்சி கொடுத்தவர் நடுத்தர வயதுக்காரர், எதற்கும் அவசரப்படாதவர். படங்களைக் காட்டிக் கேட்பார். அவள் உதட்டைக் குவிப்பாள், நெற்றி வியர்க்கும், ஒன்றும் வராது. “சரி, எண்ணலாமா?” என்று அவர் ஒன்று சொல்லி எடுத்துக்கொடுத்தால், இரண்டு மூன்று நான்கு என்று தங்குதடையில்லாமல் பத்து வரை போய்விடுவாள்.

“பழகின வரிசை தானா வரும். அது மூளையில வேற வழி” என்றார் பயிற்சியாளர்.

எண்ணைக் கண்டாலே கேலி பேசியவளிடம் இப்போது எண்கள் மட்டும்தான் மிஞ்சியிருந்தன. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பி உள்ளே போனார். “ஒண்ணு கேக்கணும். திட்டுறதாவது வருமா?”

பயிற்சியாளர் சிரிக்கவில்லை. “சிலருக்கு அதுதான் முதல்ல வரும். கோவத்துல வர்ற வார்த்தைக்கு யோசனை வேண்டாம் பாருங்க.”

அதன் பிறகு அவர் அதற்காகவே காத்திருந்தார். ஒரே ஒரு வசவு. அது வந்துவிட்டால் பின்னாலேயே மற்றதெல்லாம் வந்துவிடும் என்று நம்பினார். அவள் கோபப்படட்டும் என்று வேண்டுமென்றே தேநீரில் சர்க்கரை போடாமல் கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு அவரைப் பார்த்தாள், கோப்பையைத் தள்ளி வைத்தாள். அவ்வளவுதான். அவர் போய்ச் சர்க்கரை போட்டுக்கொண்டு வந்தார்.

டிசம்பரில் ஒரு மத்தியானம், நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டார். “அன்னிக்கு நீ போனைக் காட்டினது ஆம்புலன்ஸுக்குத்தானே? எனக்கு இப்ப புரியுது. நீ என்னவோ சொல்ல வந்தே. நான்தான் பேசாதேன்னு சொன்னேன்.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். உதடு அசைந்தது. அவர் கத்தரியைக் கீழே வைத்தார்.

“மூணு” என்றாள். பிறகு, மெல்ல, “நாலு.” அது இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. தலையை ஆட்டினாள், இன்னொரு தடவை முயன்றாள், கையை அவரிடமிருந்து இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். பாதி நகங்கள் வெட்டாமலே நின்றன.

மன்னித்தாளா, அது வசவா, தெரியவில்லை. அதை அறிய ஒரே வழி பேச்சு. மழையானாலும் தலைவலியானாலும் ஒரு பயிற்சியையும் அவர் தவறவிடவில்லை. பிப்ரவரி முழுக்க அவள் பத்தைத் தாண்டவில்லை. அந்த மாதக் கடைசியில் பயிற்சியாளர் அவர் தோளில் கை வைத்து, மேலிடத்துக்கு அறிக்கை எழுத வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

மேலும் முன்னேற்றம் எதிர்பார்ப்பதற்கில்லை, இனி பயிற்சிக்கு அழைத்து வர வேண்டியதில்லை என்று மருத்துவமனையின் கடைசிக் கடிதம் வந்தது மார்ச் 3 அன்று.