ஜெயஸ்ரீ தேய்த்த அட்டை

ஜெயஸ்ரீ என் தம்பி பொன்ராஜின் மகள். திருவொற்றியூரில் எங்கள் குப்பத்திலிருந்து மாதச் சம்பளத்துக்குப் போன முதல் பெண் அவள்தான். பாரிமுனையில் கப்பல் சரக்கு பார்க்கும் கம்பெனியில் வேலை. சம்பளத்தை பேங்கில் போட்டுவிட்டு அவள் கையில் ஒரு அட்டையைக் கொடுத்திருந்தார்கள். செருப்பு வாங்கினாலும் அதைத்தான் நீட்டுவாள். எனக்குப் பார்க்கவே ஆகாது.

"இன்னாடி அது, தீப்பெட்டியா? தேச்சா பத்திக்குமா?" என்பேன்.

"உன் மடியில கீற நோட்டு மீன் நாத்தம் அடிக்குது பெரீப்பா. இது அடிக்காது." வாய் அவளுக்கு எப்பவும் நீளம்.

2006. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து முதல் தடவை கடலுக்குப் போன பொன்ராஜின் படகு திரும்பவில்லை. அவனோடு மூன்று பேர். ஒரு படகு வராவிட்டால் மற்றவர்கள் தொழிலை விட்டுவிட்டுத் தேடப் போவது எங்கள் வழக்கம். மூன்று படகு தயாராக நின்றது, டீசல்தான் இல்லை. ஒன்றரை மாதம் சும்மா இருந்ததில் எல்லார் மடியும் காலி. பெட்ரோல் பங்கில் கடன் கிடையாது என்றுவிட்டார்கள்.

ஜெயஸ்ரீ அட்டையை எடுத்தாள். "நானும் வரேன் பெரீப்பா."

"நீ அங்க வந்து இன்னா பண்ணப் போற? அம்மா மயங்கிக் கெடக்குறா, அவளப் பாரு" என்று பிடுங்கிக்கொண்டு, கேன்களோடு மஜீதின் ஆட்டோவில் ஏறினேன். நோட்டு மாதிரிதானே, யார் கையில் இருக்கிறதோ அவன் பணம் என்று நினைத்தேன்.

கேன்கள் நிரம்பின. பங்கில் வேலை பார்க்கும் ஹென்றி அட்டையைத் தேய்த்து, மிஷினில் வந்த சீட்டைக் கையெழுத்துக்கு நீட்டினான்; அப்போது ரகசிய நம்பரெல்லாம் கிடையாது. நான் படித்த படிப்புக்கு 'செல்வம்' என்று எழுதினேன். அவன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான்.

"இன்னாண்ணே, இதுல ஜெயஸ்ரீன்னு கீது?"

"என் தம்பி பொண்ணுடா!"

"எம்மேல காயாதண்ணே. அது வந்து கையெழுத்து போட்டாதான் ஆச்சு."

கேன்களைத் தொட விடவில்லை. ஒவ்வொரு நிமிஷமும் தம்பியை நீரோட்டம் வடக்கே இழுத்துக்கொண்டிருக்கும். மஜீதை வீட்டுக்குத் துரத்தினேன். போனவன் தெருமுனையிலேயே திரும்பி வந்தான். தன் கையெழுத்து இல்லாமல் ஆகாது என்று, அம்மாவை அக்கம்பக்கத்தில் ஒப்படைத்துவிட்டு ஜெயஸ்ரீயே அதுவரை ஓடி வந்திருந்தாள்.

"உன்னைத் திட்ட இப்ப டைம் இல்ல பெரீப்பா, நவுரு."

வேறு சீட்டு போடச் சொல்லிக் கையெழுத்திட்டாள். ஒரு வருஷமாகச் சேர்த்த பணம் அப்படியே போனது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

மறுநாள் பழவேற்காட்டுக்கு அப்பால், என்ஜின் செத்துப்போன படகில் நாலு பேரும் உயிரோடு கிடைத்தார்கள். கரையில் இறங்கிய அப்பனிடம் அவள் முதலில் சண்டைதான் போட்டாள். "என்ஜினைப் பாரு, என்ஜினைப் பாருன்னு சொன்னனே, கேட்டியா நைனா?" பிறகு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நன்றி என்றெல்லாம் எனக்கு வாயில் வராது. அன்றைக்குக்கூட, "போய் சோறு துன்னுடி" என்றுதான் சொன்னேன். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்: நாலு வீட்டில் இன்று உலை கொதிக்கிறது என்றால், அது எங்கள் ஜெயஸ்ரீயால்.