பந்துக்குள்ளே என்ன?

எங்கள் தெருவில் திருப்புளி என்றால் அது ஒரு பெண்பிள்ளை. மின்விசிறி பழுதுபார்க்கும் அப்பாவின் திருப்புளி எப்போதும் இவள் சட்டைப்பையில்தான் கிடக்கும். அவர்கள் வீட்டில் முதுகு மூடிய கடிகாரம் ஒன்றுகூடக் கிடையாது. ஒருமுறை அம்மாவின் தையல் மெஷினைப் பிரித்து மாட்டியதில் கைநிறையத் திருகாணி மிச்சம். “மிச்சமிருந்தாலும் ஓடுதுல்லம்மா?” என்று அம்மாவிடமே கேட்டாள். வாய்க்கு ஒன்றும் குறைச்சலில்லை.

விளையாட்டுதான் சுட்டுப்போட்டாலும் வராது. அவள் உதைத்தால் செருப்பு பறக்கும், பந்து அங்கேயே இருக்கும்.

அவளுடைய அக்காதான் எங்கள் கால்பந்து அணிக்குத் தலைவி. பக்கத்துத் தெருவோடு ஆட்டம் என்ற அன்று பார்த்து எங்கள் கோல்கீப்பருக்குக் காய்ச்சல். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை, வேறென்ன செய்வது? அக்கா தங்கையைக் கூப்பிட்டாள்.

“நீ ஓடவே வேணாம். கம்பத்துக்கு நடுவுல நின்னு, வர்ற பந்தப் பிடி. போதும்.”

“பிடிச்சா இந்தப் பந்த எனக்குத் தருவியா? அறுத்து உள்ளே பார்க்கணும்.”

தோல் உரிந்த கிழட்டுப் பந்து. அடுத்த வாரம் புதுசு வரப்போகிறது. அக்கா யோசித்தாள். “தர்றேன். ஆனா ஒரு கோல் விட்டாலும் பந்து குப்பைக்குத்தான், உனக்கில்ல.”

அவள் கண்ணைப் பார்க்க வேண்டுமே! எத்தனை நாள் ஆசையோ!

பின்வரிசையில் நான். நாக்குத் தள்ள ஓடி ஒரு பந்தையும் அவள் பக்கம் விடவில்லை. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் ஒன்று என்னையும் தாண்டிவிட்டது. நேரே அவள் வயிற்றில் மோதியது. அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டாள்! நாங்கள் துள்ளிக் குதித்தோம்.

அவள் குதிக்கவில்லை. பந்தில் காதை வைத்தாள். உள்ளே ஏதோ ‘உஸ்’ என்றது போலிருக்கிறது. நாங்கள் போட்ட கூச்சலில் சரியாகக் கேட்கவில்லை. சத்தமில்லாத இடம் தேடி, பந்தும் கையுமாகத் திரும்பி, கோட்டைத் தாண்டி, கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றாள்.

கோல்! அந்த ஒரே கோலில் தோற்றோம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

“கடைசி நேரத்துல காரியத்தக் கெடுத்தியேடி! பந்தும் கிடையாது, ஒண்ணும் கிடையாது!” அக்கா பந்தைப் பிடுங்கிக்கொண்டாள். திருப்புளி தேம்பித் தேம்பி அழுதாள். திட்டவேண்டும் என்று வந்த எனக்கே பாவமாகிவிட்டது.

அக்கா பந்தைத் தூக்கி எறியக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை நின்றது. பந்தை மெல்ல இறக்கி அமுக்கிப் பார்த்தாள். காதருகே கொண்டுபோனாள்.

“கொஞ்ச நேரம் அழாம இருடி. எதுவோ கேக்குது.”

திருப்புளி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் ஜெயித்தவர்களின் கூச்சல் ஓயவில்லை. அக்கா பந்தில் காதை ஒட்டியபடியே, சத்தமில்லாத இடம் தேடி, கோட்டைத் தாண்டி, கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றாள்.

அங்கிருந்து குரல் வந்தது. “ஏய், வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவோட கத்திரிக்கோல எடுத்துட்டு வா!”

திருப்புளி ஓடினாள். அவள் அப்படி ஓடி அதற்குமுன் நாங்கள் யாரும் பார்த்ததில்லை.