இளையவனின் முழங்கால்

எங்கள் கடற்கரையில் பையன்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வழிதான். படகில் ஏற வேண்டும், இல்லையென்றால் கால்பந்தின் பின்னால் ஓட வேண்டும். ஆட்டத்தில் கெட்டிக்காரனாக இருந்தால் ரயில்வேயிலோ போலீசிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். வளைகுடாவுக்கும் போகலாம், ஆனால் ஏஜெண்டுக்குக் கொட்டிக் கொடுக்க எங்களிடம் என்ன இருக்கிறது?

என் வீட்டுக்காரரைக் கடல் கொண்டுபோனது. புயலில் போனவரின் உடல்கூடக் கரைக்கு வரவில்லை. மூத்தவன் படிப்பை விட்டுவிட்டு விசைப்படகில் ஏறினான். முதல் தடவை கரைக்கு வந்ததும் தம்பிக்கு பூட்ஸ் வாங்கிக் கொடுத்து, "லேய், நீ பந்து களி. கடலப் பத்தி யோசிக்காத" என்றான்.

இளையவன் யோசிக்கவில்லை, பந்து விளையாடினான். போன வருடம் அரசுத் துறை ஒன்றின் அணிக்குத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. தேர்வு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு ஊர்த் திருவிழாப் போட்டியின் இறுதி ஆட்டம்.

"மக்கா, இந்த ஆட்டம் வேண்டாம். கால்ல ஒண்ணு பட்டா எல்லாம் போச்சு" என்றேன்.

"சொந்த ஊருக்குக் களிக்காதவன் வேற எங்க போய் களிக்க? பேடிக்காதம்மா."

பயப்படாதே என்று சொல்லிவிட்டு அவன் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டான். வீட்டில் இருக்க முடியாமல் நானும் மாதா கோயில் மைதானத்துக்குப் போனேன்.

விளையாட்டு நாட்டின் ஒற்றுமையை வளர்க்கும், பொருளாதாரத்தை உயர்த்தும் என்று சிறப்பு விருந்தினர் மைக்கில் நீட்டி முழக்கினார். பொய்யில்லை. கடலில் வலை போடுவதில் வந்த தகராறுக்குப் பிறகு நாங்களும் பக்கத்து ஊர்க்காரர்களும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அன்றைக்கு மைதானத்தைச் சுற்றிக் கட்டிய ஒரே கயிற்றுக்குப் பின்னால் தோள் இடிக்க நின்றோம். கடலை வண்டிக்காரருக்குக்கூட நல்ல வியாபாரம். ஆனால் நாட்டைப் பற்றி நினைக்க எனக்கு நேரமில்லை. என் கண் முழுக்க என் மகனின் முழங்கால் மேல் இருந்தது.

எதிரணியில் ஒருவன் பனைமரம் மாதிரி நின்றான். இவனைப் பெற்றவள் என்னத்தைப் போட்டு வளர்த்தாளோ என்று திட்டிக்கொண்டே இருந்தேன். இரண்டாம் பாதியில் அவன் சறுக்கி வந்து இளையவனின் கால்மேல் விழுந்தான். என் மகன் சுருண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

"மாதாவே, கப்பு அவங்களுக்கே போகட்டு. எம் புள்ளைக்க கால மட்டும் தந்திரு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் நின்றவள் என் கையைக் கிள்ளினாள். "ஏட்டி, மெல்லச் சொல்லு. ஊர்க்காரனுவ கேட்டா ஒன்னயும் கப்பு கூட அனுப்பிருவானுவ."

இளையவன் எழுந்தான். நொண்டிக்கொண்டே ஆடி முடித்தான். கப்பு போனது. வீட்டில் பார்த்தால் முழங்கால் வீங்கியிருந்தது. மீனுக்குப் போடும் ஐஸை உடைத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன். இந்தக் கால் போனால் இவனும் படகில்தான் ஏறுவான் என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, களியக்காவிளையில் பஸ் மாறித் திருவனந்தபுரம் போனான். அன்று காலையில் பலத்த காற்று என்று மீனவர்களுக்கு எச்சரிக்கை வந்தது. மூத்தவன் ஆழ்கடலில் இருந்தான், போன் கிடைக்காத தூரத்தில். நான் அன்று ஏற்றிய மெழுகுவர்த்தி இளையவனின் காலுக்காக.

சாயங்காலம் போன் வந்தது. "எம்மா, என்னய டீமுல எடுத்துட்டாங்க." நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த வாரம் மூத்தவன் கரை சேர்ந்தான். உதடெல்லாம் உப்பில் வெடித்திருந்தது. காற்றில் படகு ஒரு நாள் முழுக்கத் தத்தளித்ததாம். அதை ஒரே வரியில் சொல்லி முடித்தான். தம்பியின் சேதி கேட்டதும் அவனைத் தூக்கிச் சுற்றினான், "லேய், அரசாங்கக் காலு" என்று கேலி செய்தான்.

மத்தியானம் சோறு போட்டேன். குழம்பை ஊற்றிக்கொண்டே மூத்தவன் சிரித்தபடி சொன்னான்: "இனி ஒனக்குப் பாதி நிம்மதிம்மா. ஒருத்தனுக்குப் பேடிச்சாப் போதும்."

மறுநாள் விடியற்காலையில் அவன் படகு கிளம்பியது.