ஈட்டி இல்லாத கை

நாமக்கல்லில் பிசியோவாக இத்தனை வருடம் வேலை பார்த்ததில், என்னை அதிகம் குழப்பியவள் மோகனூர் சுகன்யா. மாநில அளவில் ஈட்டி எறிகிறவள். வலது தோள் மூட்டு நழுவி, என்னிடம் பயிற்சி எடுத்துத் தேறியிருந்தாள். நான் ஃபிட் என்று சொன்னால்தான் தேர்வுப் போட்டியில் எறியலாம்.

கடைசியாக ஜாயிண்ட் பொசிஷன் சென்ஸ் பார்த்தேன். கண்ணைக் கட்டி, கையை ஒரு கோணத்தில் நிறுத்தி, கீழே இறக்குவேன். அதே இடத்துக்கு அவளே திரும்பத் தூக்க வேண்டும். தோள் எங்கே இருக்கிறது என்பது பார்க்காமலே மூளைக்குத் தெரிகிறதா என்ற சோதனை. இடது கை சரியாக நின்றது. வலது கை ஒவ்வொரு முறையும் வேறெங்கோ போனது.

"வலியே இல்லீங்க சார். அப்புறம் என்னங்க தப்பு?" என்றாள்.

அவளுடைய கோச் கத்தினார். "ஏனுங்க, புள்ள அடுத்த வாரம் எறியோணும். நீங்க கண்ணைக் கட்டி வெளையாடிட்டு இருக்கறீங்க!"

சேலத்தில் மூளை அலைகளைப் பதிவு செய்யும் நண்பர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். தலையில் ஒயர் தொப்பி மாட்டி அதே சோதனை. நண்பர் முன்பு இதே சோதனை செய்த கல்லூரி மாணவிகளுக்குப் பரபரத்த திரை, இவளுக்கு அடங்கியே கிடந்தது.

"நல்லாப் பழகுனவங்களுக்கு மூளை கம்மியா வேலை செஞ்சாப் போதும்பாங்க. ஆனா பழகுன கை இப்படித் தப்பக் கூடாதே?" என்று நண்பரும் முழித்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் சுகன்யா மெதுவாகக் கேட்டாள். "என் மூளை கையை மறந்துருச்சுங்களா சார்?"

தெரியவில்லை என்றே சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் மைதானத்தில், கண்ணைக் கட்டியபின் வலது கையில் ஈட்டியைக் கொடுத்தேன். ஏன் அப்படித் தோன்றியது என்று இப்போதும் சொல்ல முடியாது. கையைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, இறக்கினேன். அவளே திரும்பக் கொண்டுபோனாள். அதே இடம். மறுபடியும் அதே இடம். நான் ஈட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டதும் கை பழையபடி இடம் தவறியது.

"அதைத்தானுங்க நானும் சொன்னேன்" என்றார் கோச். அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

பாதி வேகத்தில் எறிய வைத்து, பிறகு முழு வேகத்தில் எறிய வைத்து, தோளைப் பார்த்த பிறகே சம்மதித்தேன். போட்டி முடியும்வரை என்னால் உட்கார முடியவில்லை. தோள் தாங்கியது. அவள் தேர்வானாள்.

ஈட்டியின் கனம் தோளுக்கு வழி காட்டியதா, மூளை ஈட்டிக்கு மட்டும்தான் விழித்துக்கொண்டதா, எனக்கு இன்றும் விளங்கவில்லை. புதிதாக வரும் பிசியோக்களுக்கு இதுதான் சொல்வேன். ஒரு தோளைத் தவறு என்று முடிவு கட்டுமுன், அது தினமும் செய்கிற வேலையைக் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் புரியாவிட்டால், புரியவில்லை என்று சொல்லிவிடுங்கள். புரியாததற்கு ஒரு பெரிய பெயர் வைத்து அனுப்பினால், அதை நம்மிடம் வந்தவர்கள்தான் வீடுவரை சுமந்து போக வேண்டியிருக்கும்.