தங்கத்தின் காத்தாடியும் வத்சலாவின் காத்தாடியும்

அர்ஜுன் டெல்லியை விட்டுப் புறப்பட்டது 2023 மார்ச் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை. கரோல்பாக் சந்து ஒன்றில், மூன்றாவது மாடியில் இருந்த கல்யாண வீடியோ ஸ்டுடியோவின் ட்ரோன் பைலட் அவன். துபாயில் வேலை கிடைத்துவிட்டது. சமோசா, டீ எல்லாம் முடிந்து, எல்லோரிடமும் கைகுலுக்கிவிட்டுப் பதினொரு மணிக்கு டாக்ஸியில் ஏறினான். டாக்ஸி சந்து முனையைத் திரும்புவதற்குள் முதலாளி ஷங்கர் போனைக் கையில் எடுத்துவிட்டார். நொய்டாவில் வேறு பைலட் யாராவது உண்டா?

"சார், நான் ஓட்டுதேன்" என்றாள் தங்கம்.

"க்யா? எதை?"

"ட்ரோனத்தான்."

ஷங்கர் சிரித்தார். அப்பா கும்பகோணத்துக்காரர், இவர் பிறந்து வளர்ந்தது முழுக்க டெல்லி. தமிழில் ஆரம்பிக்கும் வாக்கியம் பாதி வழியிலேயே ஹிந்திக்கு மாறிவிடும். "அரே தங்கம்ஜி, நீங்க எடிட்டிங்ல ராணி. இது வேற. அந்தக் கண்ணாடியைப் போட்டா உங்களுக்குச் சக்கர் வரும், தலை சுத்தும்!"

"வந்தா வரட்டும்."

தங்கத்துக்கு நாற்பத்தொரு வயது. பணகுடிக்காரி. கணவன் நல்லசிவம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க். சரோஜினி நகரில் குவார்ட்டர்ஸ். நான்கு வருடமாக அர்ஜுன் எடுத்த படங்களை வெட்டி ஒட்டியவள் அவள்தான். எந்தத் திருப்பத்தில் அவன் கட்டை விரல் தயங்கியது, எந்த இடத்தில் அரை விநாடி முன்னாலேயே இறங்கியிருக்கலாம் என்பதெல்லாம் அவனைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அடுத்தவன் பறந்ததையே ஒட்டிக்கொண்டிருப்பது அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஷங்கர் யோசித்தார். "அச்சா. நவம்பர்ல சீசன். ஆகஸ்ட்ல எனக்குப் பறந்து காட்டுங்க. நல்லா இருந்தா நீங்கதான் பைலட். இல்லேன்னா நொய்டா ஆளு. டீக்?"

"டீக்" என்றாள் தங்கம்.

அந்தக் கண்ணாடி, கண்ணாடி மாதிரியே இருக்காது. கறுப்புப் பெட்டி ஒன்றை முகத்தில் வைத்து இறுக்கிக் கட்டியது போல இருக்கும். மாட்டிக்கொண்டால் பக்கத்தில் நிற்கிற ஆள்கூடத் தெரியாது. ட்ரோனின் நெற்றியில் இருக்கும் கேமரா என்ன பார்க்கிறதோ அதுதான் கண்ணுக்குள். உடம்பு நாற்காலியில், கண் மட்டும் ஆகாயத்தில். முதல் நாள், ட்ரோன் ஒரு ஆள் உயரம் எழும்பியதுமே தங்கம் நாற்காலியின் கைகளைக் கெட்டியாகப் பிடிக்கப் போய், ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டு, பாத்ரூமுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். இரண்டாம் நாளும் எடுத்தாள். ஏழாம் நாள் எடுக்கவில்லை. மூக்குக் கண்ணாடியோடு அந்தப் பெட்டியை மாட்ட முடியாது என்பதால், தன் பவருக்கு லென்ஸ் செய்து உள்ளே பொருத்திக்கொண்டாள்.

கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழக ஒரு பயிற்சி விளையாட்டு உண்டு. தினமும் காலையில் சமையலுக்கு நடுவே நாற்பது நிமிடம் அதில்.

"ஏளா, குக்கர் நாலு விசில் அடிச்சாச்சு. நீ எந்த ஊர்ல இருக்க?" என்பான் நல்லசிவம்.

"பாலத்துக்கு அடியில போய்க்கிட்டு இருக்கேன். அடுப்ப அமத்துங்க."

நிஜ ட்ரோனை டெல்லிக்குள் நினைத்த இடத்தில் பறக்க விட முடியாது. ஹரியானா எல்லையில் அனுமதி பெற்ற மைதானம் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கம் அங்கே போனாள். கூடவே வத்சலாவும் போனாள். கண்ணாடி போட்ட பைலட்டுக்கு வெளியே நடப்பது எதுவும் தெரியாது. அதனால் பக்கத்தில் ஒருவர் நின்று வெறுங்கண்ணால் ட்ரோனைப் பார்த்து, பறவை வருகிறது, ஆள் வருகிறார் என்று குரல் கொடுக்க வேண்டும். வத்சலா அதே ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் செய்பவள். திருவல்லிக்கேணியில் பிறந்து, கல்யாணமாகி கோல் மார்க்கெட்டுக்கு வந்தவள். குரல் மைதானத்தின் அடுத்த கோடி வரை கேட்கும்.

தங்கம் தனக்கென்று ஒரு விதி வைத்திருந்தாள். ட்ரோனின் நான்கு இறக்கைகளில் ஒன்று தெறித்துவிட்டால் யோசிக்கக் கூடாது. அந்த நொடியே மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் அது தறிகெட்டுப் போய் யார் முகத்தையாவது கிழித்துவிடும். சுவிட்சைத் தட்டுகிற அந்த ஒரு அசைவை மட்டும் நூறு தடவை பழகினாள்.

ஆகஸ்ட் பதிமூன்று, ஞாயிறு. ஷங்கர் குடையோடு வந்து நின்றார். சுதந்திர தினத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. ஊரெல்லாம் மொட்டை மாடிகளில் பிள்ளைகள் நூலும் கையுமாக இருந்தார்கள்.

தங்கம் எழும்பினாள். ஐந்து இரும்பு வளையங்களுக்குள் புகுந்து வெளியே வந்தாள். கொடிக்கம்பத்தை ஒரு முழம் தள்ளிச் சுற்றினாள். மைதானத்து ஓர வயலில் கம்புத் தட்டைகளின் தலையை உரசுகிற மாதிரித் தாழ்ந்து வந்து, அப்படியே மேலே. ஷங்கர் கையிலிருந்த சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டே "வாஹ்!" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. இன்னும் ஒரு சுற்றுதான்.

"காத்தாடி!" என்று வத்சலா அலறினாள். "தங்கம்! காத்தாடி! காத்தாடி!"

தங்கத்தின் விரல் சுவிட்சைத் தட்டியது.

கண்ணுக்குள் ஆகாயமும் வயலும் மாறி மாறிச் சுழன்றன. அப்புறம் வெறும் புள்ளிகள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓடினாள். கம்பு வயலின் ஈர மண்ணில் ட்ரோன் தலைகீழாகக் குத்திக் கிடந்தது. ஒரு கை முறிந்து, கேமரா பிய்ந்து. இறக்கைகள் நான்கும் இருந்தன.

"காத்தாடி நல்லாத்தான இருக்கு!" என்றாள் தங்கம். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நல்லா இருக்கா? மாஞ்சாக் கயிறோட குறுக்கே வந்துது, செவப்புக் காத்தாடி! ஒதுங்கிப்பேன்னுதானே கத்தினேன்? நீ என்னடான்னா தொப்புனு போட்டுட்டே!"

தங்கம் ட்ரோனின் இறக்கையைத் தொட்டுக் காட்டினாள். "காத்தாடின்னா இது!"

"அது ஃபேன்டி!"

"ஃபேனும் காத்தாடிதான். எங்க ஊர்ல மலையடிவாரம் பூராம் கரண்டு எடுக்கக் காத்தாடிதான் நிக்கி."

"காத்தாடி எப்படிடி நிக்கும்? பறக்கறதுக்குப் பேர்தான் காத்தாடி."

"பறக்குததுக்குப் பேரு பட்டம்."

"பட்டம் காலேஜ்ல குடுப்பா!"

"பஸ், பஸ்!" என்று ஷங்கர் குடையை ஆட்டினார். "ரெண்டு பேரும் பேசறது தமிழ்தானே?" பிறகு கீழே கிடந்ததைப் பார்த்தார். குரல் இறங்கியது. "ஸாரி தங்கம்ஜி. கல்யாணத்துல இப்படி விழுந்தா பொண்ணோட அப்பா என்னை விடமாட்டார்."

நவம்பரில் நொய்டா ஆள் வந்தான். அவன் எடுத்ததைத் தங்கம் வெட்டி ஒட்டினாள்.

ட்ரோன் விழுந்த அந்த ஞாயிறு மாலையே, மெட்ரோவில் திரும்பும்போது வத்சலா அழுதாள். "என் வாயால உன் சான்ஸ் போயிடுத்து."

"உங்க வாயும் இல்ல, என் காதும் இல்ல. சொல்லு ரெண்டா இருந்ததுதான் தப்பு" என்றாள் தங்கம். "எழுதுங்க."

டிக்கெட்டின் பின்புறம் போதவில்லை. வத்சலா ஒரு நோட்டை எடுத்தாள். வானத்தில் பறக்கும் காகிதம் இனி பதங். நூல் டோர். பருந்து சீல். இவை மூன்றும் ஹிந்தி. அதில் இருவருக்கும் சண்டை இல்லை. இறக்கைக்கு ஃபேன். காத்தாடி என்ற சொல் இருவர் வாயிலும் தடை. 'பஸ்' என்றால் நிறுத்து என்றும் ஆகும், வண்டி வருகிறது என்றும் ஆகும், அதற்கும் தடை. எல்லாவற்றுக்கும் முன்னால் எந்தப் பக்கம் என்பதைச் சொல்ல வேண்டும். "இடது, பதங்!" "மேல, சீல்!" தினமும் ஆபீஸ் போகும் வழியில் இருவரும் இதை ஒப்பித்தார்கள். பெண்கள் பெட்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள்.

ட்ரோனின் முறிந்த கையைத் தங்கமே மாற்றினாள். சால்டரிங் செய்யும்போது விரலைச் சுட்டுக்கொண்டாள், திரும்பவும் செய்தாள். அடுத்த ஞாயிறு அதே மைதானம். அதற்கடுத்த ஞாயிறும். டிசம்பர் மூடுபனியில் ட்ரோனே தெரியாத நாட்களில் மூடிக் கிடந்த குடோன் ஒன்றுக்குள், மேஜை நாற்காலிகளுக்கு நடுவே பறந்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் இப்படிப் போயிற்று. நல்லசிவம் விசில் எண்ணுவதை விட்டுவிட்டுத் தானே சமைக்க ஆரம்பித்திருந்தான்.

2024 டிசம்பரில், தெரிந்த குடும்பத்துப் பெண் ஜ்யோத்ஸ்னாவின் அரங்கேற்றம் வந்தது. படம் எடுத்துத் தருகிறேன் என்று தங்கமே போய்க் கேட்டாள். இறக்கைகளைச் சுற்றி வளையம் கட்டிய, உள்ளங்கை அளவு ட்ரோன். ஒத்திகை நாளில், ஆள் நடமாட்டம் தொடங்கும் முன், ஒரே ஓட்டமாகப் பறந்தாள்: ஹால் வாசல், கோலம், மாடிப்படி, ஒப்பனை அறையில் சலங்கை கட்டிக்கொண்டிருந்த ஜ்யோத்ஸ்னாவின் கணுக்கால், திரைச்சீலையின் இடுக்கு, மேடை. "வலது, ஏணி!" என்று வத்சலா ஒரே ஒரு முறைதான் குரல் கொடுத்தாள். தங்கம் ஒரு சாண் இடதுபக்கம் சாய்ந்து, அதே வேகத்தில் போனாள். வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை.

அதை ஷங்கரின் மேஜையில் போட்டுக் காட்டினாள். அவர் இரண்டு முறை பார்த்தார். "அச்சா" என்றார். அவ்வளவுதான். நொய்டா ஆளுக்கு ஜனவரி முடியும் வரை வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

தங்கம் பதில் கேட்டு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனாள்.

2025 பிப்ரவரியில் ஒரு மத்தியானம், எடிட்டிங் மேஜையில் அவள் போன் அதிர்ந்தது. இங்கிலீஷ் எழுத்தில் அடித்த ஷங்கரின் தமிழ்: "தங்கம்ஜி, 23 சண்டே ஜனக்புரி கல்யாணம். காலை 7 ரிப்போர்ட்டிங். பைலட் நீங்க. வத்சலாஜியும் வரணும், நீங்க ரெண்டு பேரும் ஒரு செட்."