பெரியப்பாவின் குவியல்

பிள்ளைகளே, வைத்திக்குப்பத்தில் எங்கள் தெரு மணலில் போய் முடிகிற இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு குவியல் இருந்தது. நைந்த வலை, உடைந்த மிதவை, அறுந்த கயிறு, கடல் ஒதுக்கிய ஒற்றைச் செருப்புகள். உச்சியில் ஒரு மூங்கில், அதில் சிவப்புத் துணி. என் பெரியப்பா சேர்த்தது. அவருடைய ஒரே மகன், எனக்கு அண்ணன், கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. கடலிலிருந்து பார்த்தால் கரை வெறும் கோடுதான். உயரமான மரம், கோபுரம் என்று எதையாவது குறிவைத்துத்தான் படகைத் திருப்புவார்கள். புது மாடிகள் எழும்பிப் பழைய குறிகளை மறைத்துவிட்டன. மகன் வந்தால் எதைப் பார்த்துத் திரும்புவான் என்றுதான் பெரியப்பா அதை எழுப்பினார்.

தெருவில் யாருக்கும் அது குப்பையாகத் தெரியவில்லை. பெரியப்பாவின் தங்கை, என் அத்தை, மீன் விற்றுவிட்டு வந்து அதன் நிழலில்தான் கூடையை இறக்குவாள். வெளியாள் ஒருவர் மூக்கைப் பொத்தியபோது, "இன்னா சார், மூக்க வூட்ல வெச்சிட்டு வரக் கூடாதா?" என்று அவள் கேட்டதில் தெருவே சிரித்தது.

பிறகு அத்தை வீட்டின்மேல் இரண்டு அறை கட்டி, ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டாள். அன்றிலிருந்து அவளுக்குக் குவியலின் நாற்றம் தெரிய ஆரம்பித்தது. நான் ஏளனமாகச் சொல்லவில்லை. வந்தவர்கள் முகம் சுளிக்கச் சுளிக்க, அவர்கள் கண்ணாலேயே அவளும் பார்க்கப் பழகிவிட்டாள். குவியல் ஒரு சாண்கூட வளரவில்லை. ஆனால் அதன் பின்னால் ஒளிந்து விளையாடிய பிள்ளைகளை அம்மாக்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். எலி இருக்குமாம், பாம்பு இருக்குமாம். எலி முன்பும் இருந்தது. ஒரு வீட்டில் பேசியது எல்லா வீட்டிலும் பயமாகிவிட்டது.

"அண்ணே, ரூமுக்கு வர்றவங்க ஜன்னலத் தொறந்தா மொதல்ல அதான் தெரியுது" என்றாள் அத்தை ஒரு நாள்.

"தெரியணும்னுதானே வெச்சிருக்கேன்" என்றார் பெரியப்பா.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த வாரமே குப்பை வண்டி வந்தது. யார் சொல்லி வந்தது என்று இன்றுவரை யாரும் யாரையும் கேட்கவில்லை. நான் ஆலையில் வேலை முடிந்து திரும்பியபோது மணலில் வட்டமாக ஈரம் மட்டும் இருந்தது. பெரியப்பா சத்தம் போடவில்லை. மறுநாள் விடிந்ததும் அந்த வட்டத்தின் நடுவில் கடலைப் பார்த்து நின்றார். பொழுது சாயும்வரை நின்றார். அடுத்த நாளும் நின்றார். குவியலைச் சொன்ன அதே வார்த்தைகளைக் கொஞ்ச நாளில் அவருக்கும் சொன்னார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம், பிள்ளைகள் பயப்படுகிறார்களாம்.

ஒருமுறை அவர் எதிரே போய் நின்று, "வூட்டுக்கு வா பெரிப்பா, ஒரு வாய் சோறு துன்னுட்டு வரலாம்" என்று கூப்பிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாகக் கடலைப் பார்த்தபடி, "தள்ளி நில்லுடா, மறைக்கிற" என்றார். யார் எதிரே போனாலும் அதைத்தான் சொல்வார். நகர்ந்துகொண்டேன்.

இப்போது பெரியப்பாவும் இல்லை. தெரு துப்புரவாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கிறது. அறையில் தங்க வருகிறவர்கள் அந்த இடத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டால், மாடி ஜன்னலிலிருந்து அத்தையின் குரல் கேட்கும்.

"தள்ளி நில்லுங்க! மறைக்குது!"