பாலிமர் உள்ளே போன நாள்

எண்ணூரில் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர்ப் பிரிவில் எனக்கு வேலை. தொட்டியில் பாலிமர் கரைசலை ஊற்றினால், மிதக்கும் அழுக்கெல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிடும். அழுக்குக்கு எதிர்மின்னூட்டம், பாலிமருக்கு நேர்மின்னூட்டம்; காதல் கதை அவ்வளவுதான்.

என் மகளுக்குத் தசை கரையும் நோய். பிறவியிலேயே ஒரு மரபணு பழுது. கல்லூரியில் படிக்கும்போது சக்கர நாற்காலி வந்தது, பிறகு மூச்சுக்கும் ஒரு மெஷின். சரியான மரபணுவைச் செய்துவிடலாமாம். அதைச் செல்லுக்குள் நுழைப்பதுதான் பாடாம். மரபணுவும் எதிர்மின்னூட்டம், செல்லின் தோலும் அப்படியே, ஒன்றையொன்று தள்ளும். அதனால் நேர்மின்னூட்டமுள்ள பாலிமரில் பொதிந்து அனுப்ப வேண்டும். அதைச் சோதிக்க ஓர் ஆய்வகத்திலிருந்து வந்து, மகளின் தொடையிலிருந்து துளித் தசை கேட்டார்கள்.

நான் குதித்தேன். "மேடம், அது மூட்டைல வர்ற சரக்கு! ஓடைல கலந்தா மீனு செத்து மெதக்கும். அத்தப் போயி என் பொண்ணுக்கு ஊத்துவீங்களா?"

"இது வேற பாலிமர் சார்," என்றார் ஆய்வாளர். "அவங்களுக்கு இல்ல, தட்டுல வளர்ற செல்லுக்குத்தான். இது மருந்தும் இல்ல, இப்போதைக்கு வெறும் சோதனை."

"கத்தாத நைனா," என்றாள் மகள். "எனக்காச்சும் மூச்சு வுட மெஷின் கீது. உனுக்கு இன்னா கீது?"

தசை கொடுத்தாள். மருந்தில்லை என்றது என் காதுக்குப் போனது, மண்டைக்குப் போகவில்லை. வாரந்தோறும் போன் போட்டு ஆய்வாளரைப் பேஜாராக்கினேன். பாலிமரைக் கூட்டினால் செல் கிழிந்து சாகிறது. குறைத்தால் மரபணு உள்ளே போகவில்லை. சேதியோடு வீட்டுக்குள் நுழையும்போதே மகள் கேட்பாள்: "இன்னா நைனா, இன்னிக்கும் டக் அவுட்டா?"

மழைக்காலத்தில் அவளுக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. மூன்றாவது நாள் போய்விட்டாள். ராயபுரம் கல்லறையில் பெட்டியை இறக்கியவர்களிடம், "மெதுவா, மெதுவா, இடிக்கப் போவுது," என்று மேஸ்திரி மாதிரி கத்திக்கொண்டிருந்தேன். இனி எது இடித்தால் என்ன?

முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரத்தில் ஆய்வாளர் கூப்பிட்டார். மரபணு செல்லுக்குள்ளே போய்விட்டதாம். தயங்கிக்கொண்டே, "பாக்கறீங்களா சார்?" என்றார்.

நுண்ணோக்கியில் குனிந்தேன். இருட்டுக்குள் நீள நீளமாய்ப் பச்சை வெளிச்சம். மரபணு நுழைந்த செல் மட்டும் அப்படி ஒளிருமாம். உயிரோடு இருக்கின்றன. என் மகளுடையவை. மூச்சு பட்டால் ஆகாதோ என்று மூக்கைப் பிடித்துக்கொண்டேன். வாய் சும்மா இருக்குமா?

"சாப்டாங்களா?"

ஆய்வாளர் சிரிக்கவில்லை. "காலைலதான் ஊட்டம் மாத்தினேன் சார்."

"வூட்டுக்கு எடுத்துகினு போலாமா?"

"வெளியில தாங்காது சார். இங்கயே இன்னும் கொஞ்ச நாள்தான் வளரும்."

வீட்டு வாசலிலேயே மனைவி நின்றிருந்தாள். "பாத்தியா?"

"பாத்தேன். நல்லா கீது."

"அதுக்கு வலிக்குமான்னு கேட்டியா?"

கேட்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆய்வாளருக்குப் போன் போட்டேன்.